சி. சுப்பிரமணியம் அவையில் என்ன செய்தார்?

நீலகிரியின் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து அரசியல் அறிவியலில் முதுகலை படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது: "சி. சுப்பிரமணியத்தைப் பசுமைப் புரட்சியோடு சேர்த்துத்தான் படித்திருக்கிறோம். நாடாளுமன்ற விவாதத்துக்கு அவருடைய பங்கு என்ன? அவர் நல்ல நிர்வாகி, ஆனால் பேச்சாளர் அல்லர் என்று எங்கள் வகுப்பில் ஒரு கருத்து நிலவுகிறது. அது சரிதானா? நம் மலைக்கும் அவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?" கடைசிக் கேள்விக்கு நீங்கள் எதிர்பார்ப்பதைவிடப் பெரிய பதில் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் வகுப்பில் நிலவும் கருத்து பாதி சரி. அண்ணாவைப் போலவோ ஈ.வெ.கி. சம்பத்தைப் போலவோ கூட்டத்தைக் கட்டிப்போடும் நாவன்மை சி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் சுப்பிரமணியத்துக்கு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் மேடைப் பேச்சும் அவைப் பேச்சும் ஒன்றல்ல. மேடையில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கிறார்கள்; அவையிலோ ஒருவர் பேசியதை இருபது பேர் எழுந்து பிரித்துப் போட, அவர்கள் அத்தனை பேருக்கும் கடைசியில் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். ஓர் அமைச்சர் விவாதத்தில் எப்படிப்பட்டவர் என்று அறிய வேண்டுமானால் அவர் மசோதாவை அறிமுகம் செய்து பேசிய முதல் உரையைப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் அது பெரும்பாலும் துறைச் செயலாளர்கள் எழுதிக் கொடுத்தது. விவாதத்தின் முடிவில் வரும் பதிலுரையைத்தான் பார்க்க வேண்டும். எந்த உறுப்பினர் எந்தப் பக்கத்திலிருந்து எதைக் கேட்பார் என்று முன்கூட்டியே தெரியாத நிலையில், கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னாரா, சுற்றி வளைத்தாரா, ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டாரா என்பதெல்லாம் அங்கேதான் வெளிப்படும். இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, எதிர்ப்பு வலுவாக இருந்த அவைகளில் சி.எஸ். மிகச் சிறந்த விவாதக்காரர் என்றும், எதிர்ப்பின் குரல்வளை நெரிக்கப்பட்ட அவையில் அவருடைய பங்கும் சிறுத்துப்போனது என்றும் நான் மதிப்பிடுகிறேன்.

பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில் 1910 ஜனவரி 30 அன்று பிறந்தவர் அவர். சென்னையில் கல்லூரிப் படிப்பும் சட்டப் படிப்பும், பிறகு கோவையில் வழக்கறிஞர் தொழில், விடுதலைப் போராட்டத்தில் சிறை என்று அவருடைய முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. அவருடைய அவை வாழ்க்கை அரசியல் நிர்ணய சபையில் தொடங்கியது. அரசியல் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் திருத்தங்களோடு முன்வைக்கப்பட்டு, வாதாடப்பட்டு, வாக்குக்கு விடப்பட்டதை ஓர் இளம் உறுப்பினராக உள்ளிருந்து பார்த்தவர். அங்கே அவர் அதிகம் பேசியவர் அல்லர். பார்த்துக் கற்றவர் என்றே சொல்ல வேண்டும்.

அவர் உண்மையில் உருவான இடம் சென்னை சட்டமன்றம். 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸ் வென்றவை 152 மட்டுமே. எதிரே கம்யூனிஸ்டுகள் பெரிய அணியாக இருந்தார்கள். முதலமைச்சரான ராஜாஜி மேலவை உறுப்பினர். ஆகவே பேரவையில் அரசை நாள்தோறும் தாங்கிப் பிடிக்க அவை முன்னவர் ஒருவர் தேவைப்பட்டார். அந்தப் பொறுப்பு சி.எஸ்.ஸிடம் வந்தது. பெரும்பான்மை கையில் உள்ள அரசின் அமைச்சர், மணி அடித்தால் வாக்கு விழும் என்ற தைரியத்தில் எதிர்க்கட்சியை அலட்சியம் செய்யலாம். 1952ஆம் ஆண்டின் சென்னைப் பேரவையில் அந்தச் சொகுசு கிடையாது. எதிர் வரிசையில் இருப்பவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும், சொந்தக் கட்சிக்காரர்களையும் ஒவ்வொருவராகச் சமாதானப்படுத்தியே ஆக வேண்டும். பத்தாண்டுகள், 1962 வரை, அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். பின்னாளில் டெல்லியில் அவரிடம் தென்பட்ட பொறுமையின் ஊற்று அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பத்தாண்டில் அவருக்கு நேர்ந்த மிகக் கடினமான சோதனை 1953ஆம் ஆண்டின் தொடக்கக் கல்வித் திட்டம். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் பாதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்ற ராஜாஜியின் அந்தத் திட்டத்தை எதிர்ப்பாளர்கள் குலக்கல்வி என்று அழைத்தார்கள். வரலாற்றில் அந்தப் பெயரே நின்றுவிட்டது. 1953 ஜூலையில் பேரவையில் நடந்த விவாதத்தில் அரசு மயிரிழையில் தள்ளாடியது. திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவிடம் அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம் மிகக் குறுகிய வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. பருலேக்கர் தலைமையில் குழுவும் அமைந்தது. 1954இல் ராஜாஜி விலகியபோது, அடுத்த தலைவருக்கான கட்சித் தேர்தலில் காமராசரை எதிர்த்து நிறுத்தப்பட்டவர் சி.எஸ்.தான். காமராசருக்கு 93 வாக்கு, இவருக்கு 41. தோற்றவரைக் காமராசர் அமைச்சரவையிலேயே வைத்துக்கொண்டார் என்பது பலரும் சொல்லும் செய்தி. அதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று: அதே ஆண்டு மே மாதம், அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்ற அறிவிப்பைக் கல்வி அமைச்சராக வெளியிட்டவரும் சி.எஸ்.தான். முந்தைய ஆண்டு அவை முன்னவராகத் தாங்கிப் பேசிய ஒன்றை, மறு ஆண்டு அவரே இறக்கி வைத்தார். பதவிக்காக வளைந்தார் என்று இதைப் பேசியவர்கள் உண்டு. ஆனால் அவையின் பெரும்பாலோர் ஏற்காத திட்டத்தை, அவையின் எண்ணத்துக்கு மதிப்புக் கொடுத்துக் கைவிடுவது நாடாளுமன்ற முறையின் அடிப்படை நடத்தை. அதைச் செய்யத் தெரியாத அமைச்சர்களை நாம் நிறையப் பார்த்தாகிவிட்டது.

1956 இறுதியில் தமிழை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கிய சட்டத்தைப் பேரவையில் கொண்டுவந்தவரும் இவரே. அதே ஆண்டுகளில் கல்வியும் நிதியும் ஒரே கையில் இருந்ததால், பள்ளிகளைப் பெருக்கும் காமராசரின் விருப்பத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவையில் விடை சொல்ல வேண்டியவராகவும் அவரே இருந்தார்.

இந்த இடத்தில் உதகைக்காரர்கள் பலருக்கே தெரியாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1959 ஏப்ரல் 20 முதல் 30 வரை சென்னை மாநிலச் சட்டப் பேரவை உதகமண்டலத்தில் கூடியது. இன்று தமிழகம் விருந்தினர் மாளிகை என்று நாம் அறியும் அரண்மோர் மாளிகையில்தான் அந்தக் கூட்டம் நடந்தது. முதலமைச்சர் காமராசர், நிதி அமைச்சரும் அவை முன்னவரும் சி.எஸ்.; எதிர் வரிசையில், 1957இல் காஞ்சிபுரத்திலிருந்து தேர்வாகி வந்த அண்ணாவும் தி.மு.க.வின் முதல் அணியும். கோடைக்கு மலையேறி வந்து ஆட்சி நடத்தும் வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கத்தின் நீட்சி அது என்று குறை சொல்லலாம். அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனாலும் அந்த மாளிகையைக் கடந்து போகும்போது, இங்கே ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் கூடிப் பேசியிருக்கிறது என்று எழுதிய ஒரு சின்னப் பலகையாவது வைக்கலாகாதா என்று எனக்குத் தோன்றும். அந்த ஆண்டுகளில் குந்தா நீர்மின் திட்டம் கனடாவின் உதவியோடு நம் மலையில் எழுந்துகொண்டிருந்தது என்பதையும் இதனோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

1962இல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். நீலகிரித் தொகுதியிலிருந்து அக்கம்மா தேவி உறுப்பினராகச் சென்றதும் அதே மூன்றாம் மக்களவைக்குத்தான். நேரு சி.எஸ்.ஸுக்கு எஃகுத் துறையைக் கொடுத்தார். 1964 ஜூனில் சாஸ்திரி பிரதமரானபோது உணவு, வேளாண்மைத் துறையைக் கொடுத்தார். அந்நாளில் அது யாரும் விரும்பாத துறை. அங்கே போன அமைச்சர் பெயர் கெட்டுத் திரும்புவார் என்பதே டெல்லியின் பொது நம்பிக்கை. அமெரிக்காவின் பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்துகொண்டிருந்தது. ரேஷன் கடைகளில் வரிசை. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் உணவு நிலைமை பற்றிய விவாதம்.

அந்த விவாதங்களில் அவர் செய்த மாற்றம் நுட்பமானது. அதுவரை உணவு விவாதம் என்றால் எவ்வளவு இறக்குமதி, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு, பதுக்கல்காரர்கள் மீது என்ன நடவடிக்கை என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே ஓடும். விளைவிப்பவனுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கிறதா, விதை எது, உரம் எங்கே என்ற கேள்விகளை நோக்கி அவர் பேச்சைத் திருப்பினார். திருப்பியதோடு நிற்காமல், அவை வாக்களிக்கக்கூடிய, பின்னாளில் கணக்குக் கேட்கக்கூடிய வடிவங்களாக அவற்றைக் கொண்டுவந்தார். 1964இல் உணவுக் கழகச் சட்டம் வந்தது. 1965 ஜனவரி 14, பொங்கலன்று, இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூரில் பணியைத் தொடங்கியது. அதே மாதம் வேளாண் விலைக் குழு அமைந்தது. 1966இல் விதைச் சட்டம் நிறைவேறியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பில் முதன்முறையாக பி.பி. பால் என்ற விஞ்ஞானி அமர்த்தப்பட்டார். இப்படி நிறுவனமாக நிற்பவற்றை அடுத்த ஆண்டு மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறையின் செலவுக்கு அமைச்சர் அவையிடம் பணம் கேட்கும்போது, உறுப்பினர்கள் பெயர் சொல்லிக் கேட்கலாம், குறை காட்டலாம், வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம்.

வெட்டுத் தீர்மானம் என்றேன். அதை இரண்டு வரியில் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் விவாதக் குறிப்புகளைப் படிக்கும்போது அடிக்கடி வரும். ஒரு துறையின் கொள்கையையே ஏற்கவில்லை என்றால் அந்தக் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் தீர்மானம் தருவார். ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால் 100 ரூபாய் குறைக்கும்படி கேட்பார். தொகை பெயருக்குத்தான், அந்தக் குறை பெயரோடு பதிவாவதுதான் நோக்கம். உணவுத் துறைக் கோரிக்கை வந்த நாட்களில் இத்தகைய தீர்மானங்கள் குவியும்.

இனி கோதுமைக்கு வருவோம். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமை இந்திய வயல்களில் பலன் தருகிறது என்று எம்.எஸ். சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் சோதனையில் காட்டியிருந்தார்கள். 1965இல் 250 டன் விதை வந்தது. 1966இல் 18,000 டன். ஒரு நாடு அதுவரை விதைக்காக இவ்வளவு பெரிய இறக்குமதி செய்ததில்லை. எதிர்ப்பு எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அந்நியச் செலாவணியைக் காட்டி அமைச்சரவைக்குள்ளேயே தயங்கினார். இடதுசாரிகள் இது அமெரிக்காவின் பிடியை இறுக்கும் வழி என்றார்கள்; நிலச் சீர்திருத்தத்தை ஓரங்கட்டிவிட்டு, பாசன வசதி உள்ள பெரிய விவசாயிக்கே உரத்தையும் விதையையும் கொட்டுகிறீர்கள் என்றும் சொன்னார்கள். புது ரகத்தில் நோய் தாக்கினால் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பயிர் போகும் என்ற அறிவியல் சார்ந்த அச்சமும் இருந்தது. சி.எஸ். இதற்கெல்லாம் வாய்ப்பேச்சால் மட்டும் பதில் சொல்லவில்லை. விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே செயல்விளக்கத் திடல்கள் போடச் செய்தார். டெல்லியில் தம் அரசு பங்களாவின் புல்தரையை உழுது அதே கோதுமையை விதைத்தார். அமைச்சர் வீட்டு வாசலில் கதிர் முற்றுவதை எந்த உறுப்பினரும் போகிற வழியில் பார்க்கலாம் என்ற நிலை வந்தபோது, "இந்த ரகம் நம் மண்ணில் வராது" என்ற வாதம் வலுவிழந்தது.

நோய் அச்சம் என்றேனே, அங்கேதான் நம் மலை நுழைகிறது. கோதுமைக்குப் பெரும் பகை துரு என்ற பூஞ்சை நோய். வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் அந்தப் பூஞ்சை பிழைக்காது. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் குளிர்காலப் பயிரில் அது எங்கிருந்து முளைக்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. ஆக்ராவில் பணியாற்றிய கே.சி. மேத்தா பல ஆண்டுகள் உழைத்து அதற்கு விடை கண்டார். குளிர்ந்த மலைகளில், தெற்கே நீலகிரியிலும் பழனி மலையிலும், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கோதுமைச் செடி பச்சையாக நிற்கிறது. துரு அதில் தங்கிப் பிழைத்து, பருவம் வந்ததும் காற்றோடு சமவெளிக்கு இறங்குகிறது. படுகர் கிராமங்களில் பரம்பரையாகச் சம்பா கோதுமையும் பார்லியும் விளைந்த மலை இது என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தக் காரணத்தால்தான் 1954இல் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் அமைந்தது. இன்றும் அந்த நிலையத்திலிருந்து வெளியாகும் ரகங்களின் பெயர் எச்.டபிள்யூ. என்ற எழுத்துகளோடு தொடங்கும்.

அந்த நிலையத்துச் சோதனைப் பாத்தியை மழைக்காலத்தில் பார்த்தால், துருவுக்கு எளிதில் ஆளாகும் ரகத்தை வேண்டுமென்றே ஓரங்களில் வரிசையாக நட்டிருப்பார்கள். அதன் இலையை இரண்டு விரலால் தடவினால் செங்கல் பொடி போல ஒட்டும். அதை ஒட்டினாற்போல் நிற்கும் புதிய ரகத்தின் இலை சுத்தமாக இருந்தால் அது தேறியது; புள்ளி விழுந்தால் கழிக்கப்பட்டது. இன்னொரு வசதியும் இந்த மலைக்கு உண்டு. சமவெளியில் ஏப்ரலில் அறுத்த விதையை உடனே இங்கேயும் இமாலயத்தின் லாகுல் பள்ளத்தாக்கிலும் விதைத்தால், ஒரே ஆண்டில் இரண்டு தலைமுறைப் பயிர் கிடைக்கும். புதிய ரகங்களை உருவாக்கும் காலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது இதனால்தான். "நோய் வந்தால் என்ன செய்வீர்கள்" என்ற நியாயமான கேள்வி டெல்லியில் எழுந்தது என்றால், அதற்கான விடையில் ஒரு பகுதி அருவங்காட்டுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட இந்தச் சரிவில் விளைந்துகொண்டிருந்தது.

எண்களையும் பாருங்கள். 1964–65இல் நாட்டின் உணவு தானிய விளைச்சல் சுமார் 8.9 கோடி டன். அடுத்த ஆண்டு வறட்சியில் அது 7.2 கோடிக்கு விழுந்தது. 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியானது. சி.எஸ். அவையில் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டது அந்த இரண்டு ஆண்டுகளில்தான். 1967–68இல் விளைச்சல் 9.5 கோடி டன்னாக உயர்ந்தது. கோதுமை மட்டும் 1.2 கோடியிலிருந்து 1.65 கோடிக்கு ஏறியது. அந்தச் செய்தியை அவையில் சொல்லும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1967 பொதுத் தேர்தலில் தி.மு.க. அலையில் கோபிசெட்டிபாளையத்தில் தோற்று, அவர் வெளியே இருந்தார். விதைத்தவர் ஒருவர், அறுவடைக் கணக்கைப் படித்தவர் வேறொருவர்.

அவர் தோற்றதற்கு மொழிப் பிரச்சினையும் ஒரு காரணம். அதிலும் அவருடைய நடத்தையைச் சொல்லியாக வேண்டும். 1965 ஜனவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழகம் கொதித்தபோது, ஆங்கிலம் தொடரும் என்று நேரு கொடுத்த உறுதிமொழிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டு, பிப்ரவரியில் அவரும் ஓ.வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளைத் துறந்தார்கள். பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதியளித்த பின் இருவரும் விலகலைத் திரும்பப் பெற்றார்கள். ஆங்கிலம் தொடர வழிசெய்த சட்டத் திருத்தம் 1967 இறுதியில் வந்தபோது சி.எஸ். அவையில் இல்லை. தமிழ்நாட்டு வாக்காளர் அந்தப் பதவி விலகலுக்குப் பெரிய மதிப்பெண் போடவில்லை என்பது தெரிந்த கதை.

இனி அவரைக் குறை சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். 1971இல் கிருஷ்ணகிரியிலிருந்து மீண்டும் மக்களவை; திட்டம், அறிவியல், தொழில் துறைகள்; 1974 அக்டோபரில் நிதி. 1975 ஜூன் 25இல் நெருக்கடி நிலை. ஜூலை 21இல் நாடாளுமன்றம் கூடியபோது எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். கேள்வி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. எதிர் வரிசையின் பேச்சுகளைப் பத்திரிகைகள் அச்சிட முடியாதபடி தணிக்கை. அதே அவையில் தமிழகத்திலிருந்து சென்ற தி.மு.க.வின் இரா. செழியன் எழுந்து எதிர்த்துப் பேசினார். பத்தாண்டு காலம் எதிர்க்கட்சியின் கேள்விகளுக்கு ஆற அமரப் பதில் சொல்லிப் பழகிய சி.எஸ்., கேள்வியே கேட்கக் கூடாது என்ற ஏற்பாட்டின் கீழ் அமைச்சராக அமர்ந்திருந்தார். 1975 டிசம்பரில் வருவாயும் வங்கியும் அவருடைய அமைச்சகத்திலிருந்து பிரிக்கப்பட்டு பிரணாப் முகர்ஜியிடம் தனிப் பொறுப்பாகக் கொடுக்கப்பட்டன. அதற்கும் அவர் விலகவில்லை. மொழிக்காக 1965இல் துறக்க முடிந்த பதவியை 1975இல் ஏன் துறக்க முடியவில்லை என்ற கேள்வியை அவருடைய அன்பர்கள் பலர் தவிர்த்துவிட்டுப் போகிறார்கள். தவிர்க்கக் கூடாது.

அந்தக் காலத்து வேலையில் உருப்படியானவை இல்லாமல் இல்லை. 1975 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்த வட்டார ஊரக வங்கிகள் அக்டோபர் 2 முதல் திறக்கப்பட்டன. 1976 வரவு செலவுத் திட்டத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் 77 விழுக்காட்டிலிருந்து 66ஆகக் குறைந்தது. ஆனால் 1964ஆம் ஆண்டின் உணவுக் கழக மசோதா பட்ட அடியை இவை படவில்லை. பட்டிருந்தால் இன்னும் திருந்தி வந்திருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விவாதம் நடந்திருக்க வேண்டும்.

1977 தேர்தலில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட, தமிழகத்தில் அ.தி.மு.க. கூட்டணியின் பலத்தில் அவர் பழனித் தொகுதியில் வென்றார். வாழ்நாளில் முதன்முறையாக எதிர் வரிசை. கட்சி உடைந்தபோது இந்திராவுக்கு எதிர் அணியில் நின்றார். 1979 ஜூலையில் சரண் சிங் அமைச்சரவையில் பாதுகாப்பு அமைச்சரானார். மக்களவையைச் சந்திக்காமலே முடிந்துபோன அரசு அது; அவையில் வளர்ந்த ஒருவருடைய கடைசி அமைச்சர் பதவி, அவையில் ஒரு நாள்கூடப் பதில் சொல்ல வாய்ப்பில்லாமல் கழிந்தது விசித்திரம்தான். பிறகு 1990 முதல் 1993 வரை மகாராஷ்டிர ஆளுநர். பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாடு பற்றி அவர் சொன்னதாக ஒரு விமர்சனம் பத்திரிகையில் வெளியானதையடுத்து அந்தப் பதவியிலிருந்து விலகினார். 1998இல் பாரத ரத்னா; 2000 நவம்பர் 7இல் மறைவு.

எதிர்த்தரப்பு எதில் சரியாக இருந்தது என்றும் நீங்கள் கேட்க வேண்டும். பாசனம் உள்ள இடத்தில் உரத்தையும் விதையையும் குவித்தால் இடைவெளி பெருகும் என்று இடதுசாரிகள் எச்சரித்தது பெருமளவு நடந்தது. பஞ்சாபின் நிலத்தடி நீர் இன்று இருக்கும் நிலை யாவரும் அறிந்தது. சி.எஸ். முன்வைத்தது பட்டினியைத் தடுக்கும் உடனடி வழி; அதன் நீண்டகால விலையை அன்று எடுத்துச் சொன்னவர்கள் எதிர் வரிசையில் இருந்தார்கள். இரண்டும் ஒரே விவாதப் பதிவில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. நம் மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அவர் காலத்தில் தொடங்கிய விலைக் குழுவின் வழியாக வளர்ந்த குறைந்தபட்ச ஆதார விலை முறையில் பசுந்தேயிலை இல்லை. நெல்லுக்கும் கோதுமைக்கும் அரசு அறிவிக்கும் விலை போல எங்கள் இலைக்கும் வேண்டும் என்று கோத்தகிரி, குந்தா, குன்னூர்ச் சிறு விவசாயிகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருவதை நீங்கள் ஊரிலேயே கேட்டிருப்பீர்கள். தேயிலை தோட்டக்காரர்களின் பயிர், ஏற்றுமதிப் பயிர் என்ற பழைய எண்ணத்தில், அரை ஏக்கர் இலை பறித்து தொழிற்சாலைக்கு அனுப்பும் குடும்பம் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. 1965ஆம் ஆண்டின் விவாதத்தைப் படிக்கும்போது, அங்கே விவசாயி என்ற சொல் யாரையெல்லாம் உள்ளடக்கியது, யாரை விட்டுவிட்டது என்று பார்த்துக்கொண்டே படியுங்கள்; உங்கள் ஆய்வேட்டுக்கு அதிலேயே ஓர் அத்தியாயம் கிடைக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்பீர்கள். மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற நூலகத்தின் மின்தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. சட்டமன்றக் குறிப்புகளும் பெரும்பாலும் மின்வடிவில் வந்துவிட்டன. பழைய மக்களவைத் தொகுதிகளில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பத்தியாகப் பிரிந்து, பத்திக்குத்தான் எண் இருக்கும். மேற்கோள் காட்டும்போது பக்க எண் என்று தவறாகப் போட்டுவிடாதீர்கள். முதலில் 1964ஆம் ஆண்டின் உணவுக் கழக மசோதா விவாதத்தை எடுங்கள். அடுத்து 1966ஆம் ஆண்டின் உணவு, வேளாண்மை மானியக் கோரிக்கை. இரண்டிலும் எதிர்க்கட்சி உறுப்பினர்களின் பேச்சை முதலில் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, அதன் பிறகே அமைச்சரின் பதிலுரைக்குப் போங்கள். எந்தக் குறிப்புக்கு எதிரே பதில் விழுகிறது, எது பதிலில்லாமல் நிற்கிறது என்று ஓரத்தில் அடையாளம் செய்துகொண்டே வரலாம். மூன்றாவதாக 1975 ஜூலை கூட்டத்தொடரை எடுத்து, அதே முறையில் குறிப்பெடுக்க முயன்று பாருங்கள்.